கொடைக்கானல் ஈரத்தில் பழைய டிவி தொடர்களைக் காப்பாற்றுவது

கொடைக்கானலில் வீடியோ கேசட் சேர்க்க நினைப்பவர்கள் கேசட்டுக்கு முன்னால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் நாயுடுபுரம் வீட்டு மேஜையில் அதை வைத்தால் முள் 90 பக்கத்தில் போய் நிற்கும். கேசட்டுக்குள் இருக்கும் காந்த நாடாவுக்கு, அதாவது டேப்புக்கு, 30லிருந்து 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அதைவிட ரொம்ப மேலே போய் வாரக்கணக்கில் நின்றால் டேப்பில் பூஞ்சை பூக்கும். தமிழ்நாட்டின் சமவெளியில் டேப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலும் தூசியும். மலையில் பூஞ்சைதான் கெடுக்கிறது. அதனால் சென்னையிலும் மதுரையிலும் சேர்ப்பவர்கள் சொல்லும் யோசனைகள் பாதிதான் நமக்குப் பொருந்தும்.

நான் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து டிவி தொடர்களைச் சேர்த்து வருகிறேன். தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. கேசட், விசிடி, டிவிடி, ப்ளூரே என்று எல்லா வடிவத்திலும் வைத்திருக்கிறேன். இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதியாகப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் அழகான பெட்டியோடு வரும் வட்டை விட, யாரோ ஒருவர் வீட்டில் டெக்கில் (விசிஆர்) பதிவுசெய்து, ஸ்டிக்கரில் பேனாவால் ‘நாடகம்’ என்று மட்டும் எழுதி வைத்த கேசட்தான் பெரிய சொத்து. வட்டைத் திரும்ப அச்சடிக்கலாம். அந்தக் கேசட் போனால் போனதுதான்.

வெளிநாட்டில் இதற்குச் சாட்சியே இருக்கிறது. பிபிசி தன்னுடைய ‘டாக்டர் ஹூ’ தொடரின் அறுபதுகளின் பகுதிகள் பலவற்றை டேப்பை மறுபடி பயன்படுத்துவதற்காக அழித்துவிட்டது. ஃபிலிம் பிரதிகளையும் இடமில்லை என்று எறிந்துவிட்டது. 90க்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லாமல் போனது. ஆனால் ஒலி அத்தனைக்கும் இருக்கிறது. காரணம், அந்தக் காலத்து ரசிகர்கள் டிவி பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியைப் பதிவுசெய்து வைத்திருந்ததுதான். 2013இல் 9 பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்தன, அதுவும் ஒரு ஒளிபரப்பு நிலையத்தின் அலமாரியில் கிடந்த ஃபிலிம் பெட்டிகளிலிருந்து. நிறுவனம் கைவிட்டதை வீட்டில் இருந்தவர்கள் காப்பாற்றினார்கள். நம் ஊரில் இன்னும் அப்படிக் காப்பாற்ற வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

இந்த ஊருக்கு டிவி வந்த வழியே தனி. தூர்தர்ஷனின் பெரிய கோபுரம் இங்கே வந்தது எண்பதுகளின் பிற்பாதியில்தான். அதன்பிறகு தென் மாவட்டத்து வீடுகள் பலவும் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பின. எங்களுக்கு அதற்கு முன்பே படம் வந்தது, இலங்கையிலிருந்து. ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் போட்டு, தென்கிழக்கே பார்த்து வைத்தால் வானம் தெளிந்த இரவில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் டெக் இருந்தது. அந்த வீடுகளில்தான் பதிவும் நடந்தது. அப்படி எடுத்த கேசட்டுகள் பரணில், கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில் இன்னும் கிடக்கின்றன. வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை என்று சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்கெல்லாம் போகும்போது நான் கேட்காமல் வருவதில்லை.

இன்னொரு வழியும் இங்கே உண்டு. சர்வதேசப் பள்ளியில் வேலை பார்த்த வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானை விற்றுவிட்டுப் போவார்கள். பாத்திரம், கம்பளி, புத்தகத்தோடு அமெரிக்கக் கேசட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் சில நேரம் வந்துவிடும். வாங்கும் முன் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். டிவி படத்தை அனுப்பவும் பதியவும் நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்கக் கேசட் என்டிஎஸ்சி (NTSC) முறை, நம்முடையது பால் (PAL) முறை. இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் இல்லையென்றால் ஓடாது. டெக் இருந்து டிவி பழையதாக இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ, மேலே மேலே உருண்டோ வரும். அட்டையில் டி-120 என்று இருந்தால் அமெரிக்கக் கேசட் என்று எடுத்துக்கொள்ளலாம். இ-180 என்று இருந்தால் நம் முறைக்கானது, சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடும்.

தூர்தர்ஷன் தொடர்கள் பல 13 வாரத் தொடர்கள். ஒரு பகுதி 22, 23 நிமிடம் இருக்கும். அப்போது ஒரு முழுத் தொடர் இரண்டு இ-180 கேசட்டில் அடங்கிவிடும். பரணில் ஒரே கையெழுத்தில் 1, 2 என்று எழுதிய இரண்டு கேசட்டைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பலர் விளம்பரம் வரும்போது பாஸ் பட்டனை அழுத்தி வெட்டியிருப்பார்கள். வெட்டாமல் விட்ட கேசட் கிடைத்தால் இன்னும் நல்லது. விளம்பரம், அறிவிப்பாளர் முகம், கடைசியில் தொடங்கும் செய்தியின் முதல் அரை நிமிடம் எல்லாமே பதிவுதான். தேதி எழுதாத கேசட்டுக்குத் தேதி கண்டுபிடிக்க இந்தச் செய்தித் துண்டைவிட நல்ல வழி கிடையாது. செய்தியில் ஒரு பதவியேற்போ, ஒரு கிரிக்கெட் ஸ்கோரோ வந்தால் போதும், நூலகத்தில் பழைய நாளிதழைப் புரட்டித் தேதியைப் பிடித்துவிடலாம்.

சரி, கேசட் கைக்கு வந்துவிட்டது. உடனே டெக்கில் போடக் கூடாது.

கேசட்டைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஓரத்தில் சின்ன பட்டன் ஒன்று இருக்கும். அதை நகத்தால் அழுத்திக்கொண்டு முன் மூடியைத் தூக்கினால் டேப் தெரியும். கேசட்டின் மேல் இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்து, சுற்றி வைத்திருக்கும் டேப்பின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நல்ல டேப் வழவழவென்று கரும்பழுப்பாக ஒரே நிறத்தில் இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் வட்டத்தில் கோலமாவு சிந்தியது போல வெள்ளைத் திட்டு தெரியும். சில கேசட்டில் ஒரு ஓரத்தில் மட்டும் நூல் நூலாக இருக்கும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது உடம்புக்கும் நல்லதல்ல. வத்தலக்குண்டில் எனக்குத் தெரிந்த டெக் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருந்தார். முதல்முறை அப்படி ஒரு கேசட்டைக் கொண்டுபோனபோது கையில் வாங்கக்கூட இல்லை. “டீச்சர், இதை என் டெக்குல போட்டா அடுத்து போடுற எல்லாத்துக்கும் ஒட்டிக்கும். முதல்ல காய வைங்க, அப்புறம் பேசலாம்” என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. பூஞ்சைத் துகள், டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அங்கிருந்து அடுத்த கேசட்டுக்குப் போகும். ஹெட் தேய்ந்து படமும் மங்கும்.

காய வைப்பது என்றால் வெயிலில் வைப்பது இல்லை. மூடியில் ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் கேசட்டை நிறுத்திவைத்து, துணிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டு, மீட்டரையும் உள்ளே வைத்து மூடிவிடுகிறேன். முள் 40க்கு இறங்கி அங்கேயே சில வாரம் நின்றால் பூஞ்சை காய்ந்து பொடியாகிவிடும். வளரவும் வளராது. அதன்பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. அதற்கென்றே ஒதுக்கிய, வேறு எதற்கும் பயன்படுத்தாத பழைய டெக்கில், டேப் போகும் வழியில் பிசிர் விடாத துணியை வைத்து ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். முடிந்ததும் டேப்பை வேறு நல்ல கேசட்டின் கூட்டுக்கு மாற்றி, பழைய கூட்டைத் தூக்கிப் போட வேண்டும். கை நடுங்காத, பொறுமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் தைலம் என்பார்கள். யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பூஞ்சை போய்விடும் என்று பக்கத்து வீட்டு அக்கா உட்படப் பலர் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்டிக்கர் பசையை நீக்கவே அந்தத் தைலத்தைப் பயன்படுத்துகிறோம். காந்தத் துகளை டேப்பில் பிடித்து வைத்திருப்பதும் ஒருவகைப் பசைதான். அந்துருண்டையும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. டெக்கின் ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் மட்டும் போதும். அதிலும் மெல்லிய தோல் துண்டை நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். இப்போது ஹெட் உடைந்தால் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. உலகத்தில் கடைசிவரை டெக் தயாரித்த ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

டெக்கைப் பற்றி மலைக்காரர்கள் மட்டும் அறிந்த ஒன்று உண்டு. மார்கழி இரவில் குளிர்ந்து கிடந்த டெக் இருக்கும் அறையில் காலையில் கணப்பு மூட்டினாலோ ஹீட்டர் போட்டாலோ உள்ளே உருளையில் பனி கோக்கும். ஈரமான உருளையில் டேப் ஒட்டிக்கொண்டு சுருண்டுவிடும். இதற்காகவே பல டெக்குகளில் ஈரம் அறியும் சென்சார் வைத்திருக்கிறார்கள். முகப்பில் ‘டியூ’ (Dew, பனி) என்று விளக்கு எரியும், எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஓடாது. பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. கேசட் போடாமல் டெக்கை ஆன் செய்து இரண்டு மணி நேரம் விட்டால் தானே காய்ந்துவிடும். சென்சார் இல்லாத மலிவு டெக்குக்கும் இதே காத்திருப்பு தேவை. கணப்பு இருக்கும் அறையில் கேசட் அலமாரி வைக்காதீர்கள், சாம்பல் எல்லா இடுக்கிலும் போய் உட்காரும்.

பழைய வீடுகளில் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் பட்டுப்புடவையையும் கேமராவையும் காப்பார்கள். கேசட்டுக்கும் பலர் அதையே செய்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் மின்சாரத்தை நம்பியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மலையில் மரங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. பல்பு அணைந்தபின் மூடிய பீரோ வெளியை விட ஈரமாகிவிடும். சிலிக்கா ஜெல் டப்பாவுக்குக் கரண்ட் வேண்டாம். நீல நிறக் குருணை ஈரம் இழுத்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிறக் குருணை பச்சையாகும். பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப நிறம் வந்துவிடும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, ஆகவே அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. ஆரஞ்சையே வாங்குங்கள்.

தை பிறந்து பங்குனி வரை மலையில் காற்று காய்ந்திருக்கும். கேசட்டை வெளியே எடுத்து, ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி வைக்க அதுதான் காலம். முழு டேப்பும் ஒரே பக்கத்தில் இருக்க, அந்தப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் நாளடைவில் டேப்பின் ஓரம் மடியும். முதுகில் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிவுசெய்ய முடியாது. வாங்கிய அன்றே உடைத்துவிடுவது என் வழக்கம்.

அப்புறம் வட்டுகள். இதில் பணம் போடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தத் தொடரை எதில் படமாக்கினார்கள், ஃபிலிமிலா, வீடியோ டேப்பிலா? 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யை 35 மிமீ ஃபிலிமில் எடுத்தார்கள். அதனால்தான் இன்றும் பளிச்சென்று இருக்கிறது, ப்ளூரே வாங்கினால் பலன் உண்டு. ‘த ட்விலைட் ஸோன்’ (1959–64) 156 பகுதிகளும் ஃபிலிம்தான், இரண்டாம் பருவத்தில் செலவைக் குறைக்க வீடியோவில் எடுத்த 6 பகுதிகளைத் தவிர. எவ்வளவு விலை கொடுத்த ப்ளூரேயிலும் அந்த ஆறும் மங்கலாகவே இருக்கும். வட்டில் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். எழுபது, எண்பதுகளின் பிபிசி நகைச்சுவைத் தொடர்களைக் கவனித்தால் அறைக்குள் ஒரு மாதிரியும் தெருவில் வேறு மாதிரியும் தெரியும். அரங்கில் வீடியோ, வெளிப்புறத்தில் 16 மிமீ ஃபிலிம். அவற்றுக்கு டிவிடி போதும். பால் முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576, அத்தனையும் டிவிடியிலேயே வந்துவிடுகிறது. எங்கள் தூர்தர்ஷனில் வந்து நாங்கள் விழுந்து விழுந்து ரசித்த ‘யெஸ் மினிஸ்டர்’ அந்த வகைதான். டிவிடி மட்டும்தான் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் தெரியவில்லை.

நடுவில் ஒரு வகை உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ (1987–94) ஃபிலிமில் எடுத்து, வீடியோவில் வெட்டி ஒட்டிய தொடர். டிவிடியில் மந்தமாக இருக்கும். ப்ளூரேக்காக நெகட்டிவைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, படத்தொகுப்பை முதலிலிருந்து திரும்பச் செய்தார்கள். இதற்கெல்லாம் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்.

வட்டில் இருப்பது ஒளிபரப்பான வடிவம்தானா என்றும் பார்க்க வேண்டும். ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய தொடர். பாட்டுகளே அதன் உயிர். உரிமைப் பணம் கட்டுபடியாகாமல் 2007 டிவிடியில் பல பாட்டுகளை நீக்கி வேறு இசையைப் போட்டார்கள். 2014இல் வந்த பெட்டியில்தான் பெரும்பாலானவை திரும்பின. இடைப்பட்ட காலத்தில் அசல் வடிவம் யாரிடம் இருந்தது? வீட்டில் கேசட்டில் பதிவுசெய்து வைத்திருந்தவர்களிடம். மறுஒளிபரப்புக்காக விளம்பர நேரம் கூட்டிச் சில நிமிடம் வெட்டிய பிரதியை வட்டில் போட்டு விற்பதும் உண்டு. நேரத்தை அளந்து பார்த்தால் பிடித்துவிடலாம். ஆனால் ஃபிலிமில் எடுத்த அமெரிக்கத் தொடர் பால் டிவிடியில் நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 25 ஃப்ரேமாக ஓடும். 50 நிமிடப் பகுதி 48 நிமிடமாகும். அது வெட்டு அல்ல.

டிவிடியை எந்த நாட்டு பிளேயரில் ஓட்டலாம் என்பதற்கு மண்டல எண் உண்டு. அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. மலிவான சீன பிளேயர்கள் பலவும் எல்லா மண்டலத்தையும் ஓட்டும். கணினியின் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன்பிறகு பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பதிவுள்ள பெட்டிகளைக் கூடியவரை தவிர்க்கலாம். விரல் வைக்க இடமில்லை, அடுக்குகள் பிரிந்துவிடுவதும் அவற்றில்தான் அதிகம். பழைய பெட்டி வாங்கினால் ஒவ்வொரு வட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்து, கணினியில் முழுதாகப் படித்துப் பார்த்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். கடைசிப் பகுதி ஓடவில்லை என்பது ஒரு வருடம் கழித்துத் தெரிந்து என்ன செய்வது?

‘ராமாயண்’, ‘மகாபாரத்’, ‘மால்குடி டேஸ்’ இவற்றை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், மூன்றும் என்னிடமும் இருக்கின்றன. ஆனால் அவை தாமே பிழைத்துக்கொள்ளும். 2020 மார்ச் 28இல் ஊரடங்கு நேரத்தில் ‘ராமாயண்’ திரும்ப ஓடியதை நாடே பார்த்தது. நம் கையில் இருக்கும் பணமும் நேரமும் கடை வட்டாக ஒருபோதும் வராத 13 வாரத் தமிழ்த் தொடர்களுக்குப் போகட்டும். நடித்தவர்களின் குடும்பத்திடமே பிரதி இல்லாத தொடர்கள் எத்தனையோ உண்டு.

எங்கள் ஊர் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் படமெடுத்து வந்தார்கள். நூறாண்டுப் படங்களையும் இப்போது கணினிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதைப் படித்தபோதுதான் நானும் கேசட்டுகளை மாற்றும் வேலையில் தீவிரமாக இறங்கினேன். டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை கம்பிகளை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி மடிக்கணினிக்குக் கொண்டுவர வேண்டும். கேசட்டை நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். முதல் பிரதியைச் சுருக்காமல், அல்லது குறைவாகச் சுருக்கிச் சேமியுங்கள். DV (டிஜிட்டல் வீடியோ) என்ற கோப்பு வடிவத்தில் வைத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜிபி ஆகும், ஆனால் பின்னால் திருத்த இடம் இருக்கும். யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. மழை நாளில் கரண்ட் போகும்போது டேப் உருளையைச் சுற்றியபடி மாட்டிக்கொள்ளும், பிரித்து எடுப்பதற்குள் கசங்கிவிடும்.

இந்தப் பிரதிகளை நான் விற்பதில்லை, எங்கும் ஏற்றுவதும் இல்லை. உரிமை தொடரை எடுத்தவர்களுடையது. அவர்களோ ஆய்வு செய்பவர்களோ கேட்டு வந்தால் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு ஹார்ட் டிஸ்க் என் வீட்டில், இன்னொன்று வத்தலக்குண்டில் தம்பி வீட்டில். கீழே ஈரம் குறைவு. வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகிக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்கிறோம்.

கேசட் கேட்டுப் போகும்போது “சும்மா கொடுங்கள்” என்று கேட்பதில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்பேன், கேசட்டோடு ஒரு பென் டிரைவும் தருவேன். கல்யாண கேசட், காதுகுத்து கேசட் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடுவேன். செண்பகனூரில் ஒரு பாட்டி தன் மகள் கல்யாண கேசட்டுக்காகத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் தூர்தர்ஷன் தொடர் ஒன்றின் இரண்டு கேசட்டும் ஒரே கையெழுத்தில், வரிசை எண்ணோடு இருந்தன. இரண்டிலும் ஓரத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. இப்போது டப்பாவுக்குள் காய்கின்றன. மீட்டர் 46 காட்டுகிறது. 40க்கு வந்து சில வாரம் நின்றபிறகுதான் கல்யாண கேசட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும்.